பின் சீட்டு பாத்து வாங்குன வண்டி

ஜூன் 4

உரக்கடையில குடுத்த டைரி ஆறு மாசமா அரிசிப் பானைக்கு மூடியாக் கெடந்துச்சு. இன்னைக்குத் தொடச்சு எடுத்தேன். நான் மூணாங்கிளாசோட நின்னவன், எழுத்து கோணக்கமாணக்கன்னுதான் வரும். பேச ஆளில்லாத வீட்டுல எழுத்து கோணலா வந்தா என்ன, நேரா வந்தா என்ன.

நாலு வழிச் சாலைக்குப் போன எங்க மானாவாரிக் காட்டுக்குப் பணம் பேங்குல ஏறிருச்சு. அந்தக் காட்டுல எங்கய்யா கம்பு போட்டாரு, மழை ஏமாத்துச்சு. எள்ளு போட்டாரு, மழை ஏமாத்துச்சு. கடைசில கவர்மெண்டு தாரு போட்டுச்சு, அதுதான் வெளைஞ்சிருக்கு. சேதி தெரிஞ்சு உசிலம்பட்டியில இருந்து அக்கா போன் போட்டா. "பத்திரமா வையிடா சங்கிலி. ஒனக்கென்ன பிள்ளையா குட்டியா, செலவழிக்க"ன்னா. சரிக்கான்னு வச்சிட்டேன்.

காலைல எந்திரிச்சு டேங்குல தண்ணி ஏத்தி, மேலத்தெரு வால்வத் தொறந்து, மூடி, கீழத்தெரு வால்வத் தொறந்து, மூடி. பஞ்சாயத்துல எனக்கு அதான் வேலை. அது முடிஞ்சதும் எக்செல் வண்டிய எடுத்து, பஞ்சவர்ணத்தையும் பூ மூட்டையையும் ஏத்திக்கிட்டு நெலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போனேன். பஞ்சவர்ணம் மேலத்தெரு. புருசன் தவறின பெறகு குருநாதன் தோட்டத்துல மல்லிச் செடி குத்தகைக்குப் பிடிச்சு வம்பாடு பட்டு, மகளைத் திருப்பூர்ல கட்டிக் குடுத்துருச்சு. ஆறு வருசமா அதக் கொண்டுபோயி விடுறது நான்தான். எனக்கும் நெலக்கோட்டையில சோலி இருக்கும். ப்ளீச்சிங் பவுடர் வாங்கணும், இல்ல டீ குடிக்கணும்.

மூட்டை முன்னாடி, என் ரெண்டு காலுக்கும் நடுவுல. அது பின்னாடி ஒருக்களிச்சு. போற வழியில ஏத்தத்துல ஒரு பெரிய வண்டி எங்களத் தாண்டிப் போச்சு. புதுசாக் கல்யாணம் கட்டுன சோடி போல. அந்தப் பிள்ளை மெத்தையில உக்காந்த மாதிரி உக்காந்து போச்சு. பின்னாடியிருந்து பஞ்சவர்ணம் சொல்லுச்சு, "ஏய்யா, அப்பிடி ஒரு வண்டியில போனா முதுகு நோகாதுல்ல."

நான் இன்னுங் கொஞ்சம் முறுக்கிப் பாத்தேன்.

எக்செல்லுக்கும் வயசாயிருச்சு. ஏத்தத்துல மூச்சு வாங்குது. வேற வண்டி பாக்கணும். இதச் சொல்லத்தான் டைரிய எடுத்தேன், பேச்சு எங்கிட்டோ போயிருச்சு.

ஜூன் 9

மெக்கானிக் சிக்கந்தர்கிட்டப் போனேன். ஒரு ஸ்கூட்டருக்கு அடியில படுத்துக் கெடந்தான். "மாப்ள, பெரிய வண்டி ஒண்ணு வாங்கணும்"னேன்.

"எந்தப் பெரிய வண்டி மாமு, ட்ராக்டரா?"

"பைக்குடா. முன்னூறு, நானூறுங்கிறாய்ங்கள்ல, அது."

அடியில இருந்து தலைய மட்டும் வெளிய நீட்டுனான். "ஒனக்குக் கியர் போடத் தெரியுமா?"

"தெரியாது."

"எக்செல்லுல இருந்து நேரா நானூறு சிசி. சரி. முதல்ல ஒரு டீ சொல்லு."

டீ குடிச்சுக்கிட்டே வகை வகையாச் சொன்னான். மூஞ்சிய மூடுன வண்டி பந்தயம் ஓட்டுறவனுக்காம், கவுந்து படுத்துத்தான் ஓட்டணுமாம். ஒசரமான வண்டி மலை ஏறுறவனுக்காம். "நம்ம ரோட்டுக்கு நேக்கட் பைக்குத்தான் மாமு. மூடி கீடி ஒண்ணும் இருக்காது. இஞ்சின், கம்பி எல்லாம் வெளிய தெரியும். நிமிந்து உக்காந்து ஓட்டலாம், வெலையும் ரொம்ப எகிறாது."

"நேக்கட்டுன்னா?"

"துணியில்லாதது."

"என்னடா பேரு இது, ஊருக்குள்ள எப்பிடிச் சொல்றது."

"நீ சங்கிலி வண்டின்னு சொல்லிக்க."

முன்னாடி பால்கார ஒச்சப்பன் ஒரு புல்லட்டு வாங்குனான். வாங்குன மறு வாரம் மாட்டுக் கொட்டத்துல நிப்பாட்டித் தார்ப்பாயப் போட்டு மூடுனவந்தான், எடுக்கவே இல்ல. கேட்டா மழை வரும்பான். வெயில்ல கேட்டா தூசி விழும்பான். கோழி அதுக்குள்ள போயி முட்டை வச்சுக் குஞ்சு பொரிச்சுச்சு. குஞ்செல்லாம் சைலன்சருக்குள்ள இருந்து எட்டிப் பாக்கும். அவன் செத்த பெறகு மகன் எடைக்குப் போட்டான். நான் அப்பிடி வாங்கக் கூடாது. வாங்குனா ஓட்டணும்.

ஜூன் 14

திண்டுக்கல்லு போயி முதக் கடையப் பாத்தோம். உள்ள கண்ணாடி மாதிரி தரை, செருப்பக் கழட்டிட்டுப் போனேன். சிக்கந்தர், "போட்டுக்க மாமு, கோயிலில்ல"ன்னான்.

நீலக் கலர் வண்டி ஒண்ணு. நானூறு. பாக்க எருமைக் கெடா மாதிரி முன்னாடி பெருத்து, பின்னாடி சிறுத்து. நான் நேராப் போயி பின் சீட்டுல ஏறி உக்காந்தேன். கண்ணாடி போட்ட ஒரு புள்ள ஓடி வந்துச்சு. "சார், முன்னாடி உக்காருங்க சார். ரைடர் சீட் அங்க இருக்கு."

"இருக்கட்டும்மா. இதப் பாத்துட்டு அங்கிட்டு வாறேன்."

ஒருக்களிச்சு உக்காந்து பாத்தேன். சறுக்கிக்கிட்டு வருது. அது சீட்டில்ல, கொக்கு குந்துற எடம். பிடிக்கக் கம்பி இல்ல, இடது பக்கம் காலு வைக்கப் பலகை இல்ல. "சேலை கட்டுனவங்க இதுல எப்பிடிம்மா போவாங்க?"ன்னு கேட்டேன்.

"மேடத்துக்காகவா சார்? சாரி கார்டு போட்டுத் தருவோம்."

"பொதுவாக் கேட்டேன்"னேன்.

சிக்கந்தர் என்னையப் பாத்தான். நான் விலைச் சீட்டப் பாத்தேன். பஸ்ல வரும்போது அவன், "மாமு, வண்டி வாங்குறவன் மைலேஜு கேப்பான், பிக்கப்பு கேப்பான். நீ சேலை கேக்குற"ன்னான். பக்கத்து ஊர்ல ஒரு புதுப்பொண்ணு சேலை செயின்ல மாட்டி, தலைகுப்புற விழுந்து, மூணு மாசம் ஆசுபத்திரியில கெடந்த கதையச் சொன்னேன். அவனுக்கும் அந்தக் கதை தெரியுமாம். விழுந்தவ பேருகூட அவனுக்கு ஞாபகமிருக்கு. எனக்கில்ல.

ஜூன் 15

மல்லி வரத்து சாஸ்தி. ரெண்டு மூட்டை. வேற ஒண்ணுமில்ல.

ஜூன் 23

மதுரையில ரெண்டு கடை பாத்தாச்சு.

முதல்ல பாத்தது இலேசு வண்டி. சிக்கந்தருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஓட்டிப் பாத்துட்டு வந்து, "காத்து மாமு"ன்னான். நான் பின்னாடி உக்காந்து ஒரு சுத்து வரச் சொன்னேன். இடது கணுக்காலுக்கிட்ட இஞ்சின் சூடு அடுப்பு மாதிரி அடிக்குது. ஒருக்களிச்சு உக்காந்தா ரெண்டு காலும் அந்தச் சூட்டுலதான இருக்கும். வேணாம்னுட்டேன்.

அடுத்த கடையில பச்சைக் கலரு. உருண்டை லைட்டு. நீளமா, சமமா, அகலமா ஒரே சீட்டு. பின்னாடி பிடிக்கத் தடிமனாக் கம்பி. இடது பக்கம் காலு வைக்கப் பலகை, சக்கரத்த மறைச்சு அகலமா வலைக்கம்பி. சத்தம் டொப் டொப்னு நிதானமா, அவிச்ச நெல்லக் குத்துற மாதிரி. ஆனா கனமோ கனம். நான் நிமித்திப் பாத்தேன், இடுப்புல சுருக்குன்னுச்சு.

சிக்கந்தர், "நீ இருக்குற ஒடம்புக்கு இது எதுக்கு மாமு? விழுந்தா ஒத்த ஆளாத் தூக்க முடியாது. அந்த இலேசு வண்டிய எடு"ன்னான்.

நான் பின் சீட்டுல கைய வச்சு அமுக்கிப் பாத்தேன். நல்லா இருந்துச்சு.

ஜூலை 2

கண்மாய் வத்திக் கெடக்கு. நேத்து அதுக்குள்ள வச்சு சிக்கந்தர் தன்னோட பழைய வண்டியில கியரு சொல்லிக் குடுத்தான். இடது கையில கிளச்சு, இடது காலுல கியரு, வலது கையில முறுக்கு, வலது காலுல பிரேக்கு. எக்செல்லுல இந்தக் கஷ்டமெல்லாம் இல்ல, முறுக்குனா போகும், விட்டா நிக்கும். நான் கிளச்ச விட்டதும் குதிச்சுப் போயி கருவேல முள்ளுக்குள்ள நின்னுச்சு. சிக்கந்தர் முதல்ல வண்டியத் தூக்கிட்டு அப்பறம் என்னையத் தூக்குனான்.

இன்னைக்குப் பஞ்சவர்ணம் என் கையில காயத்தப் பாத்துட்டு, "என்னய்யா இது"ன்னுச்சு. டேங்கு ஏணியில சறுக்கிருச்சுன்னு சொன்னேன். "வயசுக்குத் தக்கன ஏறு"ன்னு சொல்லி, மார்க்கெட்டுல இறங்குனதும் கடையில மஞ்சத்தூளு வாங்கித் தேங்கா எண்ணெயில கொழப்பிப் போட்டுச்சு. எரிச்சல் இல்ல.

ஜூலை 28

ஆடி. வண்டி வாங்கக் கூடாது. அதுவும் நல்லதுதான். கியரு வண்டிக்குத் தனி லைசென்ஸாம், எட்டு போட்டுக் காட்டணுமாம், காலு தரையில ஊனக் கூடாதாம். நான் வீட்டு முத்தத்துல சுண்ணாம்பால எட்டு வரைஞ்சு நடந்து பழகுறேன். எதிர்வீட்டு ஆளுக ஏதோ செய்வினைன்னு நெனைச்சுக்கிட்டு ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல.

வண்டி வாங்கப் போறத ஊருல ஒருத்தருக்கும் சொல்லல. முக்கியமா மேலத்தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு சிக்கந்தர்கிட்டச் சொன்னேன். "மேலத்தெருவுல நூறு வீடு இருக்கு மாமு, எந்த வீட்டுக்கு?"ன்னான். எல்லா வீட்டுக்கும்தான்னேன்.

ஆகஸ்ட் 23

வாங்கியாச்சு. பச்சை வண்டிதான். எட்டு போட்டு லைசென்ஸும் போன வாரம் வந்துருச்சு.

எக்செல்ல எக்ஸ்சேஞ்சுக்குக் குடுத்துட்டேன். சிக்கந்தர் வேணாம்னான். "இருக்கட்டும் மாமு, பழைய மாடு, ஒரு மூலையில நிக்கட்டும்." ஒத்த ஆளுக்கு ரெண்டு வண்டி எதுக்குன்னேன். கடைக்காரப் பய அதத் தள்ளிக்கிட்டுப் போகும்போது திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு இருந்தேன். பாத்துட்டேன்.

ஹெல்மெட்டு ரெண்டு. ஒண்ணு வாங்குனா இன்னொண்ணு கம்மியாத் தாறேன்னாய்ங்க, அதான். ரெண்டாவது கொஞ்சம் சின்னது. கொண்டை இருந்தாலும் நுழையுமான்னு கேட்டு வாங்குனேன்.

முனியாண்டி கோயில்ல மாலை போட்டு, எலுமிச்சம்பழத்துல ஏத்தி, ஊருக்குள்ள வராம சிக்கந்தர் பட்டறையில நிப்பாட்டியிருக்கேன். நாளைக்குக் காலைல நேரா மேலத்தெரு.

ஆகஸ்ட் 24

கீழத்தெரு வால்வ மூடிட்டுப் போனேன். வெள்ளைச் சட்டை. தெருமுனையில பஞ்சவர்ணம் நின்னுச்சு, காலடியில ரெண்டு பூ மூட்டை, ஈரத்துணி சுத்தி. வண்டிச் சத்தத்துக்குத் தள்ளி நின்னு வழி விட்டுச்சு. நான் ஹெல்மெட்டக் கழட்டுன பெறகுதான் அடையாளம் தெரிஞ்சுச்சு.

"ஏய்யா, யாரு வண்டி?"

"நம்மளுதுதான்."

சுத்தி வந்து பாத்துச்சு. சீட்டத் தொட்டுப் பாத்துச்சு. பலகையப் பாத்துச்சு, வலைக்கம்பியப் பாத்துச்சு, கம்பியில மாட்டியிருந்த ரெண்டாவது ஹெல்மெட்டையும் பாத்துச்சு. மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் குனிஞ்சு மூட்டையத் தூக்கிட்டு, வண்டிக்கு முன்னாடி வந்து, டேங்கப் பாத்துச்சு. இஞ்சினப் பாத்துச்சு.

"மூட்டைய எங்கய்யா வைக்க?"ன்னுச்சு.

ஆகஸ்ட் 25

மூணு கடை, மூணு வண்டி. சீட்டு, கம்பி, சூடு, சேலை எல்லாம் பாத்தேன். மூட்டைய மட்டும் பாக்கல.

ஆகஸ்ட் 30

மடியில வச்சுக்கிறயான்னு கேட்டேன். பூ கசங்குமாம், அது நெசம். டேங்கு மேல கட்டலாம்னு பாத்தேன், சூட்டுல மொட்டு விரிஞ்சிருமாம், விரிஞ்ச பூவ ஒருத்தனும் வாங்க மாட்டான், அதுவும் நெசம். பின்னாடி கேரியர் அடிச்சா சீட்டு போயிரும்னு சிக்கந்தர் சொல்றான்.

பூக்காரப் பொம்பளைக எல்லாம் சேந்து ஒரு மினி வேன் பேசியிருக்காங்க. பஞ்சவர்ணமும் அதுலதான் போகுது. பின்னாடி மூட்டையோட மூட்டையா உக்காந்து போகுது.

செப்டம்பர் 6

இன்னைக்கு நெலக்கோட்டைக்குப் போகல. ப்ளீச்சிங் பவுடர் நாலு மாசத்துக்கு இருக்கு.

செப்டம்பர் 17

ஒரு விசயம் சொல்லணும். எக்செல்லு இருந்தப்ப நான் தனியாப் போன நாளே கெடையாது. ரோட்டுல கைய நீட்டுவாங்க, நிப்பாட்டுவேன். ரேசன் அரிசிப் பையோட ஏறுவாங்க, ஆட்டுக்குட்டியோட ஏறுவாங்க. ஒரு தடவ தவில்காரர் தவிலோட ஏறுனாரு, பள்ளத்துல எறங்குனப்ப அது தானா ஒரு அடி அடிச்சுக்கிச்சு, எதுத்தாப்புல வந்த மாடு மெரண்டு ஓடிருச்சு. போற வழியெல்லாம் யாராச்சும் முதுகுக்குப் பின்னாடி பேசிக்கிட்டே வருவாங்க. யாரு வீட்டுல சண்டை, யாருக்குச் சொகமில்ல, எல்லாம் எனக்கு முதல்ல தெரியும்.

இந்த வண்டிக்கு ஒருத்தரும் கைய நீட்டல. சத்தம் கேட்டதுமே ஓரத்துக்கு ஒதுங்குறாங்க. நானா நிப்பாட்டி, "ஏறுங்கத்தா"ன்னு கீழத்தெரு மாரியக்காவக் கூப்பிட்டேன். "நீ போப்பா, இதுல ஏற நான் ஏணி கொண்டாரணும்"னுச்சு. ஹெல்மெட்டப் போட்டா நம்ம மூச்சுத்தான் நமக்குக் கேக்குது.

வண்டி நல்ல வண்டி. குத்தஞ் சொல்ல முடியாது. ஏத்தத்துல மூச்சே வாங்கல.

செப்டம்பர் 29

அக்கா வந்தா. வண்டியச் சுத்திப் பாத்துட்டு, "கட்ட வேண்டிய வயசுல கட்டல, இப்ப இதக் கட்டிக்கிட்டு வந்துருக்கான்"னா. சோறு ஆக்கிப் போட்டா. போகும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில விடுறேன்னேன். பஸ்ஸே வருது, நீ படுன்னுட்டா.

அக்டோபர் 11

மார்க்கெட்டுக்கு வெளிய டீக்கடையில பஞ்சவர்ணத்தப் பாத்தேன். வேனு பொறப்பட நேரமிருந்துச்சு. பக்கத்துல போயி உக்காந்தேன்.

"சின்னாளப்பட்டியில ஒரு பழைய எக்செல்லு வெலைக்கு வருது. வாங்கிரவா?"ன்னு கேட்டேன்.

"எதுக்கு?"

"மூட்டை வைக்க."

"ஒனக்கு ஏதுய்யா மூட்டை?"

நான் டீயப் பாத்துக்கிட்டிருந்தேன்.

"எனக்குன்னு நீ தனியா ஒரு வண்டி வாங்குனேன்னு ஊரு பேசணுமா? முன்ன மூட்டை இருந்துச்சு. மூட்டைய ஏத்திட்டுப் போறே, மூட்டைக்குச் சொந்தக்காரியும் கூடப் போறா. ஆறு வருசம், ஒரு பய ஒரு வார்த்தை சொன்னானா? இப்ப அந்தப் பெரிய வண்டியில, மூட்டையில்லாம, வெறுங்கையோட பின்னாடி ஏறுனா அது பூ ஏவாரமாய்யா? மேலத்தெருவுல எத்தன கண்ணு இருக்கு. நீ இதெல்லாம் யோசிக்கவே இல்ல."

"யோசிச்சேன்"னேன்.

"என்னத்த யோசிச்ச?"

"சீட்டு அகலமா இருக்கணும்னு."

பஞ்சவர்ணம் டீயக் குடிச்சிட்டு, டம்ளரக் கழுவி வச்சிட்டு, வேனுல ஏறிப் போயிருச்சு. ரெண்டு டீக்கும் அதுவே காசு குடுத்திருக்கு, கடைக்காரர் அப்பறந்தான் சொன்னாரு.

அக்டோபர் 24

மழை. தண்ணி எடுக்க ஆளில்ல. இருந்தாலும் தொறந்து மூடுனேன்.

நவம்பர் 8

வேன் டிரைவர் சொல்லித்தான் தெரியும். பஞ்சவர்ணம் மகளுக்கு மசக்கைன்னு எக்செல்லுலயே கேட்டிருந்தேன், இப்ப அடுத்த மாசம் பேறுகாலமாம். மகளும் மருமகனும் பனியன் கம்பெனிக்குப் போறவங்க, பிள்ளையப் பாத்துக்க ஆத்தாள அங்கயே வந்து இருந்துரச் சொல்றாங்களாம். தைக்கு மேல குத்தகைய விட்டுரப் போகுதாம்.

எக்செல்லுல வந்திருந்தா எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும். திருப்பூருக்கே வந்துரச் சொல்றாங்கன்னு முதுகுக்குப் பின்னாடி சொல்லியிருக்கும். நல்லதுன்னு நான் முன்னாடி பாத்துக்கிட்டே சொல்லியிருப்பேன்.

ராத்திரி சோறு பொங்கல. காலைல பொங்குனது இருந்துச்சு.

நவம்பர் 27

குருநாதன் தோட்டத்துப் பக்கம் பைப்பு ஒடைஞ்சிருக்கான்னு பாக்கப் போனேன். ஒடையல. மல்லிச் செடியெல்லாம் கவாத்து வெட்டிக்கிட்டிருந்தாங்க. பஞ்சவர்ணம் அருவாளோட நின்னுச்சு. கவாத்துன்னா தழை, கெளை எல்லாத்தையும் கழிச்சு மொழங்கால் ஒசரத்துக்குக் குச்சியா விட்டுருவாங்க. மூணு மாசத்துக்குப் பூ இருக்காது. பூவு இல்லேன்னா மூட்டை இல்ல. மூட்டை இல்லேன்னா டவுனுக்குப் போகவும் வேலையில்ல.

"பைப்பு ஒடைஞ்சிருக்கா?"ன்னு கேட்டுச்சு.

"இல்ல"ன்னேன்.

"அப்பறம்?"

"பாத்தேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன். வர்ற வழியில கேக்க வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. எப்ப போற, எப்ப வருவ, வருவியா.

டிசம்பர் 11

எங்கிட்டு ஆரம்பிக்கன்னு தெரியல. தண்ணியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

கீழத்தெரு பூரா இன்னைக்குத் தண்ணி. முட்டுச்சந்து வரைக்கும் ஓடிப் போயி, மாரியக்கா வீட்டு எருக்குழி ரொம்பி, ரோட்டுல வாத்து விடுற மாதிரி ஆயிருச்சு. டேங்குல ஒரு சொட்டு இல்ல. வேலைக்கு வந்த நாள்ல இருந்து நான் வால்வ மூடாமப் போனதில்ல. பஞ்சாயத்துத் தலைவரு கூப்பிட்டு வைஞ்சாரு. கீழத்தெருப் பொம்பளைக தனியா வைஞ்சாங்க. "கண்ணு தெரியலையாடா சங்கிலி ஒனக்கு"ன்னு மாரியக்கா. வையட்டும்.

நடந்தது இதான். காலைல கீழத்தெரு வால்வத் தொறந்துவிட்டு டீக்கடைப் பக்கம் நின்னேன். நல்லா விடிஞ்சிருச்சு. டீக்கடையில ஆளு நெறைய. பால் ஊத்துற சனம் வேற. மேலத்தெருவுல இருந்து பஞ்சவர்ணம் நடந்து வந்துச்சு. கையில ஒரு துணிப்பை, அம்புட்டுத்தான். மெயின் ரோட்டுல, எல்லாத்துக்கும் நடுவுல வந்து, எனக்கு முன்னாடி நின்னுச்சு.

"மகளுக்கு வலி வந்துருச்சாம்யா. வத்தலக்குண்டுல திருப்பூர் பஸ்ஸப் பிடிக்கணும். வண்டிய எடு."

"வேனு..."

"வேனு எதுக்கு? நீ வண்டி வச்சிருக்கேல்ல."

டீக்கடையில ஒருத்தன் கிளாச வாய்க்கிட்டக் கொண்டுபோயிக் குடிக்காம நின்னான். நான் ஓடிப்போயி வண்டிய எடுத்தாந்தேன். ரெண்டாவது ஹெல்மெட்ட நீட்டுனேன். தூசியத் தட்டி மாட்டிக்கிச்சு. கொண்டை நுழைஞ்சிருச்சு. பலகையில காலு வச்சு, ஏறி, ஒருக்களிச்சு உக்காந்து, கம்பியப் பிடிச்சிக்கிட்டு, "போலாம்"னுச்சு.

ஊரு எல்லை தாண்டுற வரைக்கும் நான் முப்பதுக்கு மேல முறுக்கல. பஞ்சவர்ணம் என் தோள்ல தட்டி, "பிள்ளை பெறந்து நடந்துரும், வெரசாப் போ"ன்னுச்சு. போனேன். ஏத்தத்துல ஏறுறப்ப பின்னாடியிருந்து, "முதுகு நோகலய்யா"ன்னுச்சு.

ஆத்துப் பாலத்துல வண்டிய ஓரங்கட்டி அமத்துனேன். இஞ்சின் சத்தத்துல பேச முடியாது, அதுக்குத்தான். கொஞ்ச நேரம் பேசுனேன். திரும்பிப் பாக்காம, எக்செல்லுல பேசுற மாதிரியே ரோட்டப் பாத்துக்கிட்டுப் பேசுனேன். பேசுனத இங்க எழுத வேண்டியதில்ல.

கேட்டு முடிச்சதும், "இத ஆறு வருசமா எங்க வச்சிருந்த?"ன்னுச்சு. அப்பறம், "வண்டிய எடு, பஸ் போயிரும்"னுச்சு.

பஸ்ல ஏத்திவிட்டேன். சன்னல் வழியா ஹெல்மெட்டக் குடுத்துட்டு, "போயிட்டுச் சொல்றேன்"னு சொல்லுச்சு.

திரும்பி வந்தா ஊரே தண்ணியில நிக்குது.

டிசம்பர் 13

பேத்தியாம். சுகப் பிரசவமாம். வேன் டிரைவர் சொன்னாரு.

டிசம்பர் 16

போன்ல சார்ஜ் இருக்கு. டவரும் இருக்கு.

டிசம்பர் 19

சிக்கந்தர் வண்டிக்குச் சர்வீசு பாத்தான். ஆயிலு மாத்தி, செயின இறுக்கி, ஒண்ணும் கேக்காம, ஒண்ணும் சொல்லாம வேலையப் பாத்தான். அவன் பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. கடைசில கையத் தொடச்சிக்கிட்டு, "டீக்கடையில எல்லாம் சொன்னாய்ங்க மாமு"ன்னான்.

"என்ன சொன்னாய்ங்க?"

"அதான் ஆச்சரியமா இருக்கு. தப்பா ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. வண்டி நல்லா இருக்காம்."

டிசம்பர் 22

மகளும் பேத்தியும் அங்க. வீடு இருக்கு, பேச்சுத்தொணை இருக்கு. பஞ்சவர்ணம் அங்கயே இருந்தாலும் தப்பில்ல. நான் போயிக் கேட்ட நேரம் சரியில்ல. வலியில கெடக்குற மகளப் பாக்கப் போறவகிட்டக் கேக்குற பேச்சா அது.

வால்வு ரெண்டையும் ரெண்டு தடவ போயிப் பாத்துட்டு வந்து படுத்தேன்.

டிசம்பர் 26

சாயங்காலம் குருநாதன் என்னையத் தேடி வீட்டுக்கே வந்தாரு. அவரு எங்க வீட்டுப் படி ஏறுனதில்ல. நின்னுக்கிட்டே சொன்னாரு.

"சங்கிலி, பஞ்சவர்ணம் போன் பண்ணுச்சுப்பா. தோட்டத்த வேற ஆளுக்குப் பேசிராதீங்கன்னுச்சு. தைக்கு வந்து குத்தகைய மறுபடியும் பிடிக்குதாம். அதுவரைக்கும் செடிக்குத் தண்ணி நீ பாய்ச்சுவேன்னு சொல்லுச்சு."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே"ன்னேன்.

"அதான் என்கிட்டச் சொல்லிவிட்டிருக்கு. பாய்ச்சுவியா மாட்டியா?"

டிசம்பர் 28

விடிய வால்வு வேலைய முடிச்சிட்டு மண்வெட்டியோட தோட்டத்துக்குப் போனேன். மோட்டாரப் போட்டு, வாய்க்காலச் செதுக்கி, ஒவ்வொரு பாத்தியா மடை திறந்து விட்டேன். வெறுங் குச்சிக்குத் தண்ணி பாய்ச்சுறது பாக்கக் கிறுக்குத்தனமாத்தான் இருக்கும். வரப்புல உக்காந்து கஞ்சி குடிச்சேன்.

மத்தியானம் போன் அடிச்சுச்சு. பேரு சொல்லல, நல்லாருக்கியான்னு கேக்கல.

"பாய்ச்சியா?"

"பாய்ச்சிட்டேன்."

"எம்புட்டு விட்ட?"

"பாத்தி ரொம்ப விட்டேன்."

"பாத்தி ரொம்பவா? கவாத்து வெட்டுன செடிக்கு அம்புட்டுத் தண்ணி விட்டா வேரு என்னத்துக்காகும். ஊருக்கே தண்ணி விடுற ஆளு. ஒரு செடிக்கு எம்புட்டு விடணும்னு ஒனக்குத் தெரியுமாய்யா தெரியாதா?"

தெரியாதுன்னு சொன்னேன்.

முதல்ல இருந்து சொல்லிக் குடுத்துச்சு. எந்தப் பாத்தி மேடு, எந்தப் பாத்தி பள்ளம், எதுக்கு ஒருநா விட்டு ஒருநா, எதுக்கு ரெண்டு நா விட்டு. நான் ம் கொட்டிக்கிட்டே இருந்தேன். அங்கிட்டுப் பிள்ளை அழுகுற சத்தம் கேட்டுச்சு. இரு, பிள்ளையத் தூக்கிட்டு வந்து மிச்சத்தச் சொல்றேன், போன வச்சிராதன்னுச்சு.

வைக்கல.